நாலே முக்கால் படகு

ஜூன் 11, புதன்

இன்றும் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு நிமிடம் வீணாக்காமல் துறைக்கு வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால், கோடைக்கு மட்டும் தீவுக்கு வருகிற கோடை வீட்டுக்காரர்களின் கார்கள். ஒவ்வொன்றின் கூரை மேலும் துடுப்புப் படகு, பின்னால் சைக்கிள். கார்களை ஏற்றித் தீவுக்குப் போகும் நாலே முக்கால் படகு என் கண்ணெதிரே நிறைந்தது. எனக்கு முன்னால் நாலு கார் பாக்கி இருக்கும்போது படகு ஆள் சங்கிலியை இழுத்து மாட்டிவிட்டான். பழக்கமான முகம்தான். கையை விரித்துக் காட்டினான். அவன் என்ன செய்வான்.

அடுத்தது ஆறரைக்கு. தீவில் இறங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ரோவீனா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மற்ற பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். என் மகள் ஜூனி மட்டும் ஜன்னலோரப் பெஞ்சில், காலணி மாட்டிக்கொண்டு. ஐந்து மணி ஆனதும் தானே போய் மாட்டிக்கொள்கிறாளாம், யாரும் சொல்வதில்லை என்கிறாள் ரோவீனா. இடதும் வலதும் மாறியிருந்தன.

"படகு நிறைஞ்சிடுச்சா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

அழவில்லை. கடையில் போய்ப் பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். மூன்றரை வயது. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது.

வரிசையில் நிற்காதவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள் மட்டும்தான். ஓரமாக முன்னால் போய் நிற்கிறார்கள். முதலில் ஏறுகிறார்கள், முதலில் இறங்குகிறார்கள். எத்தனை கார் காத்திருந்தாலும் அவர்களுக்கு இடம் உண்டு. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. இன்றைக்குத்தான் வயிற்றெரிச்சலோடு பார்த்தேன்.

ஜூன் 13

காரை விட்டுவிட்டு நடந்து ஏறலாமே என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டார்கள். தீவில் இல்லாதவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடம் ஊருக்கு வெளியே. பஸ் பிடித்துத் துறைக்கு வந்தால் அதே ஆறரைப் படகுதான். குளிர்காலம் முழுக்கச் செய்து பார்த்தாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

ரோவீனா வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினாள்.

"செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறந்ததும் நானும் படிக்கப் போறேன். முதியோர் இல்ல வேலைக்கான படிப்பு. சாயங்கால வகுப்பு. இங்கேர்ந்து ஆறு மணிப் படகுல அக்கரைக்குப் போனாத்தான் சரியா இருக்கும். அஞ்சரைக்கு நான் கதவைப் பூட்டியாகணும், மாரென்."

நான் ஜூனியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"உங்களை விரட்டலை. ஜூனியை விரட்டுவேனா? ஆனா நானும் எத்தனை வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்க மூக்கையே தொடைச்சிட்டு இருக்கிறது, சொல்லுங்க."

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. தீவில் பிள்ளை பார்த்துக்கொள்கிற வேறு வீடு ஒன்றே ஒன்றுதான். அங்கே இன்னும் பிறக்காத குழந்தைகளுக்குக்கூடப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறார்கள். என் கணவன் கேலப் வடக்கே மீன்பிடிப் படகில். அக்டோபர் வரை வர மாட்டான். கோடைக்காரர்கள் செப்டம்பரில் போய்விடுவார்கள்தான், ஆனால் அப்போதுதான் பெரிய படகைப் பழுது பார்க்கக் கொண்டுபோய்விட்டுச் சின்னதைப் போடுவார்கள். வரிசை இப்படியேதான் இருக்கும்.

ஒன்று, நாலே முக்கால் படகு. இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். வேறு வழி இருக்கிறதா? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

ஜூன் 18

என் தோழி டார்சிக்குப் போன் செய்து, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவாயா என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே," என்றாள். அவளுடைய பழைய பச்சை வண்டி கொட்டகையில் சும்மா கிடக்கிறதாம். "எலி கூடு கட்டியிருக்கும். அதுகிட்ட வாடகை கேட்டுட்டு எடுத்துக்கோ."

கணக்கு இதுதான். காலையில் காரில் ஜூனியைக் கொண்டுபோய் விட்டு, காரை ரோவீனா வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவிட்டு, அங்கே நிற்கிற மோட்டார் சைக்கிளில் துறைக்கு. மாலையில் அதே மாதிரி திரும்பி வந்து, வண்டி மாறி, ஜூனியோடு வீட்டுக்கு. ரோவீனா சரி என்றுவிட்டாள். எழுத்துத் தேர்வு எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் ஓட்டிக் காட்டும் தேர்வில் தேறும்வரை லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது சட்டம். டார்சி மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர நர்ஸ். அவள் நேரமும் என் நேரமும் ஒத்துவராது. ஆகவே தேற வேண்டும். செப்டம்பருக்குள்.

எனக்கு சைக்கிள் ஓட்டவே பதினோரு வயதில்தான் வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

முதல் வகுப்பு. இடம், விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்துக் கார் நிறுத்தம். டார்சியின் பிக்கப் வண்டியில், பின்பக்கத் தட்டில் ஜூனியும் டார்சியின் நாய் பிஸ்கட்டும் உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணத்தில் ப்ளூபெரி தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

கிளட்சை விட்டேன், வண்டி நின்றது. விட்டேன், நின்றது. பிறகு ஒரு தரம் நகர்ந்தது. நகர்ந்த சந்தோஷத்தில் திரும்ப மறந்தேன். வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, இடது காலை ஊன்றினால் அங்கே பள்ளம். வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்ந்தது. தடுக்க முடியவில்லை. அதோடு நானும்.

பிறகு ஜூனியின் குரல். "அம்மா, பைக் தூங்கிடுச்சு."

டார்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வந்து வண்டியை முதுகால் தள்ளி நிமிர்த்தக் கற்றுக் கொடுத்தாள். முழங்காலில் தோல் உரிந்திருக்கிறது. ஆனால் ஒன்று எழுதி வைக்க வேண்டும். விழுவதுதான் என் பெரிய பயமாக இருந்தது. விழுந்தாயிற்று.

ஜூலை 2

கேலப் மீன் இறக்க ப்ரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்துக்கு வந்திருக்கிறான். போனில் மோட்டார் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கடற்பறவைகளின் கத்தல்.

"வேண்டாம், மாரென்."

"ஏன்?"

"நான் இருக்கிற இடம் உனக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆனா நீ இருக்கேன்னு ஒரு தைரியத்துலதான் ஒவ்வொரு தடவையும் கிளம்புறேன். ரெண்டு பேரும் இப்படி ஆபத்தை மடியில கட்டிக்கிட்டா ஜூனிக்கு யாரு?"

"நீ கிளம்புறப்ப இந்தக் கேள்வியை நான் கேட்டேனா?"

"கேட்டதில்ல."

"கேட்டிருக்கணும்னு சொல்றியா?"

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

அவன் கேட்டது தப்பில்லை. அதுதான் கஷ்டமாயிருக்கிறது. தப்பாகப் பேசியிருந்தால் கோபப்பட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று படகுப் பாடம். ஓட்டத் தெரிந்தால் போதாது, படகில் ஏறத் தெரிய வேண்டும் என்கிறாள் டார்சி. இரும்புத் தளம். எப்போதும் ஈரம். உப்புத் தண்ணீரும் கார்கள் சிந்திய எண்ணெயும். அதில் முன் பிரேக்கைத் தொட்டால் முன் சக்கரம் சோப்பு மாதிரி வழுக்கிவிடும். டார்சியின் காறை எலும்பு முறிந்தது அப்படித்தான்.

"முன் பிரேக்குன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லைன்னு வெச்சுக்கோடி. கால் பிரேக் மட்டும்தான். இந்தத் தீவுல எல்லாரும் அப்படித்தான் படிச்சோம்."

முன் பிரேக் பிடியில் சிவப்பு டேப்பைச் சுற்றிவிட்டாள். விரல் அதன்மேல் போனால் கத்துகிறாள். கடைசியில் ஜூனியும் கூடவே கத்த ஆரம்பித்தாள். "சிவப்பு, அம்மா. சிவப்பு." நாயும் குரைத்தது.

ஜூலை 13

டார்சி வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே வளைந்து போய் வந்தேன். ஒன்றையும் தொடவில்லை. முகத்தை எங்கே திருப்புகிறேனோ வண்டி அங்கே போகிறது. இவ்வளவுதானா? இத்தனை நாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரைக்குப் போனேன்.

ஜூலை 16

மழை. பழகவில்லை. ஜூனிக்குக் காது வலி.

ஜூலை 24, வியாழன்

நாளை தேர்வு. டேப்பைப் பிரித்துவிட்டேன். பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை. எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தேன், பிறகு எண்ணெய். தேர்வு நடத்துபவர் அதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பாரோ என்று ஒரு கவலை. எனக்குக் கவலைப்பட இதுவா கிடைத்தது.

சாப்பாடு இறங்கவில்லை. ரோவீனா கொடுத்தனுப்பிய சேமியாவை ஜூனியே முழுக்கத் தின்றாள்.

ஜூலை 25

தோற்றுவிட்டேன்.

ஜூலை 26, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கூம்புகள் சரி. தரையில் வரைந்த பெட்டிக்குள் திரும்புவதும் சரி, கால் ஊன்றவில்லை. கடைசியில் திடீர் நிறுத்தம். வேகமாக வர வேண்டும், தேர்வாளர் கையைத் தூக்கியதும் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். கையைத் தூக்கினார். நான் காலை அழுத்தினேன். பின் சக்கரம் கிரீச்சென்று இழுபட்டு, வண்டி வாலை ஆட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டையும் தாண்டி, அவருடைய மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். மறுபடியும் அதே.

"முன் பிரேக் வேலை செய்யலையா?"

"செய்யுது."

"பின்ன ஏன் தொடவே மாட்டேங்கறீங்க?"

"தொட்டா வழுக்கும்னு..."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "தீவா?"

"ஆமா."

"அதானே பார்த்தேன். தீவுக்காரங்க எல்லாரும் இந்தக் கோட்டைத் தாண்டித்தாங்க போறீங்க. ஆனா ரோட்டுல ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தா அந்தக் கால் பிரேக் பத்தாதுங்க. வண்டியை நிறுத்துறது முன் பிரேக்தான். பழகிட்டு வாங்க."

அடுத்த தேர்வு ஆகஸ்ட் இருபத்தொன்பது. அதற்கு முன்னால் இடமே இல்லை. அதுவும் போனால் முடிந்தது.

படகில் திரும்பி வரும்போது டார்சி முன் பிரேக் பிடியில் மிச்சமிருந்த பிசுபிசுப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். துறையில் இறங்கியதும், "உன்னைக் கெடுத்தது நான்தான்டி," என்றாள். இல்லை என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

எதுக்கு இதெல்லாம். யாரோ ஒருத்தர் கிணத்துத் தண்ணியில கிருமி இருக்கா இல்லையான்னு நான் பார்க்கலேன்னா உலகம் நின்னுடுமா? வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்தா என்ன? காலணி மாட்டிக்கிட்டு ஜன்னல்ல உக்காராம இருப்பாளே அவ.

ஆனால் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் என்றாரே, அது போக மாட்டேன் என்கிறது. இத்தனை நாளும் நானே விழாமல் இருப்பதைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன்.

ஜூலை 28

வேலையை விடவில்லை. இன்று வந்த மாதிரிகளில் ஒன்று எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர். சுத்தமாக இருந்தது. யாரோ ஒருத்தி அதைப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டார்சி பச்சை டேப்போடு வந்தாள். அதே பிடியில் சுற்றினாள். "இப்ப இதைத் தொடலைன்னாத்தான் கத்துவேன்."

மூளைக்குப் புரிகிறது. கைக்குப் புரியவில்லை. வலது கை மரத்துப்போன மாதிரி கைப்பிடியை விட்டு விரலே நகரவில்லை. ஒரு தடவை பயந்து போய் மொத்தமாக இறுக்கிவிட்டேன். வண்டி மூக்கைக் குத்தி நின்றது, நான் கைப்பிடி மேல் சரிந்தேன். விழவில்லை.

"குரல்வளையை நெரிக்காதடி. அது உனக்கு என்ன பண்ணுச்சு?"

"நீதானே நெரிக்கச் சொன்னே."

"பிடின்னு சொன்னேன்."

ஆகஸ்ட் 10

கேலப் பேசினான். தோற்றதை நான் சொல்லியிருக்கவில்லை. டார்சி சொல்லியிருக்கிறாள் போல. "இன்னொரு தடவை போறியா?" என்றான். "போறேன்," என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"அலமாரியில என்னோட ஆரஞ்சு மழைக்கோட்டு ஒண்ணு பழசு இருக்கு," என்றான். "கடல்ல விழுந்தாக்கூட ஆள் எங்கேன்னு தெரியற கலர். ரோட்டுல எவனுக்கும் நீ தெரியாம இருக்கக் கூடாது. அதைப் போட்டுக்கோ."

சரி என்றேன்.

கோட்டில் இன்னும் மீன் வாடை. கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது. மடித்துத் தைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. பழகி முடித்து, கடைக்குப் போக நானும் ஜூனியும் சாலையைக் கடந்தோம். அவள் கையைப் பிடித்திருந்தேன். வளைவில் ஒரு லாரி வந்தது. என் பிடி தானாக இறுகியது. வெடுக்கென்று இல்லை; முதலில் மெல்ல, பிறகு விடாமல். அவளுக்கு வலிக்கவும் இல்லை. அண்ணாந்து பார்த்தாள், நின்றாள். லாரி போனது.

இந்தக் கைக்கு இது தெரியுமே. தினமும் செய்கிற வேலைதானே.

ஜூனியை மறுபடி பிக்கப்பில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, இன்னொரு பத்து நிமிடம் கொடு என்று டார்சியைக் கெஞ்சினேன். நாலு தடவை நிறுத்தினேன். நாலும் கோட்டுக்குள். "என்னடி ஆச்சு திடீர்னு?" என்றாள் டார்சி. சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வாள்.

ஆகஸ்ட் 22

சின்னப் படகு முன்கூட்டியே வந்துவிட்டது. இன்று ஆறரைப் படகும் நிறைந்தது. அடுத்ததில் வந்தேன். ஜூனி பெஞ்சில் காலணியோடு தூங்கிப்போயிருந்தாள். ரோவீனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னும் வகுப்பு ஆரம்பிக்கலையே, விடுங்க," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு "இன்னும்" மட்டும்தான் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளைக்கு மழையாம். தார்ச் சாலை நனைந்தால் படகுத் தளம் மாதிரியே மினுங்கும். கை என்ன செய்யும்? தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மழைதான். ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்துவிட்டு அதே தேர்வாளர், "மீன் பிடிக்கப் போறீங்களா?" என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. மடக்கு நாற்காலியைக் காணோம். இந்த முறை நின்றுகொண்டிருந்தார், நன்றாகத் தள்ளி.

கூம்புகள். பெட்டி. கால் ஊன்றினேன் ஒரு தடவை, மதிப்பெண் போனது. பிறகு கடைசி ஓட்டம். தரை கறுப்பாக மினுங்கியது. அவர் கை உயர்ந்தது. என் விரல்கள் பிடியைத் தேடிப் போனதை நான் பார்க்கவில்லை. மெல்ல, பிறகு விடாமல். முன்பக்கம் தாழ்ந்தது. நின்றுவிட்டேன். கோடு எனக்கு முன்னால் இருந்தது. கொஞ்சம்தான் முன்னால், ஆனால் முன்னால்.

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "இப்ப நிறுத்தத் தெரியுது," என்றார்.

தேறிவிட்டேன். டார்சி என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள். காறை எலும்பு வலிக்கிறது என்று பாதியில் இறக்கிவிட்டாள். கேலப்புக்குப் போன் போகவில்லை. கடலில் இருக்கிறான். செய்தி மட்டும் விட்டேன். "உன் கோட்டு பாஸ்."

செப்டம்பர் 2, செவ்வாய்

முதல் நாள். ரோவீனாவின் முற்றத்தில் காலையில் வண்டி மாறியபோது ஜூனி கையாட்டவில்லை. மண்வெட்டிக்காக யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் துறைக்கு வந்தேன். கார் வரிசை பெட்ரோல் பங்க் வரை நீண்டிருந்தது. அதன் ஓரமாகவே முன்னால் போக வேண்டும் என்று தெரிந்தும், யாராவது திட்டுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். யாரும் திட்டவில்லை. முன்னால் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அதில் ஒரு தச்சர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார். "டார்சியோட பச்சைக் கழுதைதானே இது? இன்னும் உயிரோட இருக்கா?" என்றார்.

படகு ஆள் கையை அசைத்தான். முதலில் நாங்கள். இரும்புத் தளம், ஈரம். நிறுத்தச் சொன்ன இடம் வந்ததும் என் விரல்கள் முன் பிரேக்குக்குப் போய்விட்டன. இப்போதுதான் கற்றுக்கொண்டது, விடுமா.

"கையை எடும்மா, கையை எடு," என்று அவன் கத்தினான்.

எடுத்தேன். காலால் நிறுத்தினேன். முன் சக்கரம் லேசாக நழுவி, போனால் போகிறது என்று நின்றது. இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் போல. ரோட்டில் ஒன்று, படகில் ஒன்று. அவன் வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். "நாலு கார் தள்ளி நிப்பீங்களே, அவங்கதானே நீங்க?" என்றான். ஆமாம் என்றேன். சங்கிலியை இழுத்து மாட்டினான், எனக்குப் பின்னால்.

ரோவீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புதுச் சட்டையில், வாசலில் நின்றிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் நேரமிருக்கு எனக்கு. உள்ளே வாங்க," என்றாள்.

ஜன்னல் பெஞ்சில் யாரும் இல்லை. ஜூனி கொல்லைப்புறத்தில் வெறுங்காலோடு, முட்டி வரை சேறாக, வாளியில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் இப்பவே வந்தே? நான் இன்னும் சூப்பே பண்ணி முடிக்கலை. போயிட்டு அப்புறமா வா."

ரோவீனா சிரித்துவிட்டாள். நான் ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து, சூப் ஆகும்வரை காத்திருந்தேன்.